கேளுங்க அக்கா: காய்ச்சல் போயிடுச்சு, மனசு இன்னும் எந்திரிக்கல

மழை முடிஞ்சதும் நம்ம பகுதிக்கு வர்ற லெட்டர்ல பாதி காய்ச்சல் கதைதான். டெங்கு, சிக்குன்குனியா, ஃப்ளூ, அங்கங்க இன்னமும் கொரோனா. இந்த தடவை புதுசா நிறைய பேர் 'ஃபாரஸ்ட் தெரபி', அதாவது காட்டுல சும்மா இருந்து மனசை தேத்திக்கிறது, அதை பத்தி கேட்டிருக்கீங்க, யாரோ ரீல்ஸ் போட்டு விட்டிருக்காங்க போல. சரி, எல்லாத்தையும் சேர்த்து இந்த இதழ்லயே பேசிடலாம். நான் மனநல ஆலோசகர், மாத்திரை எழுதுற டாக்டர் இல்ல, அதனால உடம்பு விஷயம் வர்ற இடத்துல எல்லாம் டாக்டரை பாருங்கன்னுதான் சொல்வேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயசு. டெங்கு வந்து அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில இருந்தேன். பிளேட்லெட் ஏறிடுச்சு, ரிப்போர்ட் நார்மல்னு அனுப்பிட்டாங்க. ரெண்டு மாசம் ஆச்சு, எதுலயும் பிடிப்பே இல்ல. குக்கர் விசில் அடிச்சாலே எரிச்சல் வருது, பையன் ஹோம்வொர்க் நோட்டை நீட்டினா அழுகை வருது. மாமியார் "காய்ச்சல்தான் போயிடுச்சே, இன்னும் என்ன படுக்கை"ங்கிறாங்க. வீட்டுக்காரர் கொடைக்கானல்ல ஒரு ரிசார்ட்ல ரெண்டு நாள் ஃபாரஸ்ட் தெரபி பேக்கேஜ் இருக்கு போலாமாங்கிறார். போனா சரியாகுமா? (பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: தோழி, முதல்ல உங்க மாமியாருக்கு. காய்ச்சல் போறது வேற, காய்ச்சலோட மல்லுக்கட்டின உடம்பு அடங்குறது வேற. வைரஸ் உள்ள வந்தா நம்ம எதிர்ப்பு சக்தி சைட்டோகைன்னு சில ரசாயனங்களை சுரக்குது, அது மூளைக்கும் சேதி சொல்லும், சாப்பிடாத, யாரோடயும் பேசாத, ஓரமா போய் படுன்னு. காய்ச்சல் கண்ட நாயும் மாடும்கூட இதையேதான் செய்யும். விஞ்ஞானிங்க இதை 1980கள்ல இருந்து படிச்சுட்டு வர்றாங்க. சில பேருக்கு இந்த சேதி காய்ச்சலோட நின்னுடும், சில பேருக்கு வாரக்கணக்குல, மாசக்கணக்குல இழுக்கும். டெங்குக்கு அப்புறம் வர்ற அசதியும் மனச்சோர்வும் டாக்டர்களுக்கு நல்லா தெரிஞ்ச சமாச்சாரம், நீங்க சோம்பேறி ஆகிடல, நடிக்கவும் இல்ல. இந்த பக்கத்தை மடிச்சு அவங்க கண்ணுல படுற மாதிரி டிவி பக்கத்துல வைங்க.

அடுத்தது, காட்டுக்கு பையை கட்டுறதுக்கு முன்னாடி ஒரு ரத்த டெஸ்ட். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, வைட்டமின் டி, சுகர். டெங்கு வார்டுல நார்மல்னு சொன்னது டெங்குக்கு நார்மல், அவ்ளோதான். ரத்தசோகையும் தைராய்டும் உங்க வயசுல சத்தமே இல்லாம உள்ள இருக்கும், அதை கவனிக்காம போய் மரத்தை கட்டிப்பிடிச்சா மரம்தான் பாவம் என்ன பண்ணும்.

இப்ப ஃபாரஸ்ட் தெரபி. 1982ல ஜப்பான் வனத்துறைக்கு தலைவரா இருந்த டோமோஹிதே அகியாமா 'ஷின்ரின் யோகு', அதாவது காட்டுக் குளியல்னு ஒரு பேர் வச்சு ஆரம்பிச்சு வச்சார். நாகானோ பக்கம் அகாசவான்னு ஒரு காடு, 300 வயசு தாண்டின ஹினோகி மரங்கள் நிக்கிற இடம், இதோட பிறந்த ஊர்னு அதைத்தான் சொல்வாங்க. அங்க போய் என்ன பண்ணுவாங்கன்னு கேட்டீங்கன்னா பெருசா ஒண்ணும் பண்ண மாட்டாங்க, விஷயமே அதுதான். ரெண்டு மணி நேரம் எடுத்துப்பாங்க, ஆனா ரெண்டு கிலோமீட்டர்கூட நடந்திருக்க மாட்டாங்க. நிப்பாங்க, உக்காருவாங்க, மரப்பட்டையை தடவி பார்ப்பாங்க, இலையை கசக்கி மோந்து பார்ப்பாங்க, ஓடை சத்தம் கேட்டுட்டு இருப்பாங்க. தென்கொரியாவுல 2016ல யோங்ஜு பக்கம் இதுக்குன்னே ஒரு தேசிய மையம் திறந்தாங்க, கூட்டிட்டு போற வழிகாட்டிக்கு அரசாங்க சான்றிதழ் உண்டு. நம்ம நாட்டுலயும் 2021 மார்ச்ல உத்தரகாண்ட் வனத்துறை ராணிக்கேத் பக்கத்துல காலிகாங்கிற இடத்துல சுமார் 13 ஏக்கர்ல ஒண்ணு ஆரம்பிச்சிருக்கு.

ஆனா கொடைக்கானல் பேக்கேஜ்? என்னை கேட்டா இப்ப வேண்டாம். ஈ-பாஸ் எடுத்து, காட் ரோட்டுல வளைஞ்சு வளைஞ்சு வாந்தி எடுத்து, 2,100 மீட்டர் உயரத்துல குளிர்ல நடுங்கி, பைன் ஃபாரஸ்ட்ல குதிரைக்காரர், சோளக்கதிர்காரர், போட்டோக்காரர் மூணு பேர்கிட்டயும் வேண்டாம் வேண்டாம்னு சொல்லி திரும்புறதுக்குள்ள உங்களுக்கு இருக்குற கொஞ்ச நஞ்ச தெம்பும் போயிடும். ரிசார்ட்காரங்க இதுல என்னதான் பண்றாங்கன்னு போன் போட்டு கேளுங்க, 'ட்ரெக்கிங், கேம்ப்ஃபயர், டிஜே'ன்னு பதில் வந்தா அது டூர், தெரபி இல்ல. டூர் தப்பு இல்ல, உடம்பு தேறின பிறகு ஜாலியா போயிட்டு வாங்க.

அதுக்கு பதிலா வார நாள்ல காலையில சீக்கிரமா அழகர்கோவில் போங்க. பழமுதிர்சோலை வரைக்கும் வண்டி போகும், ஏற வேண்டியதில்ல. ரோட்டை விட்டு ரொம்ப உள்ள போகாம ஆள் நடமாட்டம் கண்ணுல படுற மாதிரி ஒரு மரத்தடியில பாய் விரிச்சு உக்காருங்க. தின்பண்டம் கவர் எதுவும் வெளிய தெரியக்கூடாது, அந்த மலை குரங்குங்களுக்கு எந்த தெரபியும் தெரியாது, பிடுங்கிட்டு போயிடும். முதல் அஞ்சு பத்து நிமிஷம் மனசு கன்னாபின்னான்னு ஓடும், பால் கணக்கு, மாமியார் சொன்னது, பையன் மார்க்குன்னு, ஓடட்டும். அப்புறம் ஏதாவது ஒண்ணை மட்டும் பாருங்க. தவிட்டுக்குருவி கூட்டமா ஏழெட்டு வந்து இறங்கும், சருகை ஒவ்வொண்ணா புரட்டி புரட்டி பூச்சி தேடும், நடுவுல ஒண்ணை ஒண்ணு திட்டிக்கும், ஒண்ணு மட்டும் கிளையில உக்காந்து காவல் பார்க்கும். அதுங்க அடுத்த மரத்துக்கு போற வரைக்கும் பாருங்க, போதும். 20 நிமிஷம், அரை மணி நேரம். அழுகை வந்தா அழுங்க, அங்க யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை போக முடிஞ்சா நல்லது.

முழுக்கை சட்டை, கொசு க்ரீம் கட்டாயம். டெங்கு வைரஸ்ல நாலு வகை இருக்கு, ஒரு வகை வந்துட்டு போனா மத்த மூணுக்கு நிரந்தர பாதுகாப்பு கிடையாது, ரெண்டாவது தடவை வந்தா இன்னும் மோசமா ஆகவும் வாய்ப்பு உண்டு, அந்த கொசு கடிக்கிறதும் பகல்லதான்.

வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை: தம்பி, அந்த பேக்கேஜ் காசுல ரெண்டு மாசத்துக்கு சமையலுக்கு ஒரு ஆள் போடுங்க. காட்டைவிட அது சீக்கிரம் வேலை செய்யும்.

கேள்வி: வணக்கம் மேடம், வயசு 34, ஐடி, சோழிங்கநல்லூர். ஃப்ளூ வந்து மூணு மாசம் ஆச்சு. பிரெயின் ஃபாக், மீட்டிங்ல வார்த்தை சட்டுன்னு வர மாட்டேங்குது, எதுக்கெடுத்தாலும் டென்ஷன். இயற்கையோட இருந்தா நல்லதுன்னு சனிக்கிழமை வண்டலூர் பூங்கா போய் விறுவிறுன்னு அஞ்சு கிலோமீட்டர் நடந்தேன். அன்னிக்கு சூப்பரா இருந்துச்சு. திங்கள்கிழமை எந்திரிக்க முடியல, ரெண்டு நாள் லீவு. ஒவ்வொரு வாரமும் இதே கதை. விடாம நடந்தா பழகிடுமா?

பதில்: பழகாது தம்பி, நிறுத்துங்க. அன்னிக்கு நல்லா இருந்து ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு அடிச்சு போடுது பாருங்க, அந்த தாமதம்தான் அடையாளம். வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் சில பேருக்கு இப்படி ஆகும், உழைப்புக்கு பின்னாடி வர்ற சரிவு. நடைன்னு இல்ல, நாலு மணி நேரம் மீட்டிங்ல உக்காந்து மூளையை கசக்கினாலும் வரும், வீட்டுல சண்டை போட்டாலும் வரும். ரொம்ப நாளா இந்த மாதிரி நோயாளிகளுக்கு தினம் கொஞ்சம் கொஞ்சமா உடற்பயிற்சியை கூட்டுங்கன்னு சொல்லிட்டு இருந்தாங்க. நாள்பட்ட சோர்வு நோய்க்கு அப்படி கூட்டிக்கிட்டே போற திட்டத்தை கொடுக்காதீங்கன்னு இங்கிலாந்துல டாக்டர்களுக்கு சிகிச்சை வழிகாட்டி எழுதுற நைஸ் அமைப்பு 2021 அக்டோபர்ல வழிகாட்டியவே மாத்திடுச்சு. உங்களுக்கு அந்த நோய்தான்னு நான் சொல்லல, அதை டாக்டர் பார்த்து சொல்லணும். படபடப்பு, நெஞ்சு வலி, படியேறினா மூச்சு வாங்குறது இதுல எது இருந்தாலும் ஒரு ஈசிஜி எடுக்காம எந்த காட்டுக்கும் போகாதீங்க. ஃப்ளூவுக்கு அப்புறம் இதயத் தசையில வீக்கம் வர்றதும் உண்டு, அபூர்வம், ஆனா உண்டு.

உங்க தெம்பை மாசக் கடைசியில பர்ஸ்ல இருக்குற காசு மாதிரி செலவு பண்ணுங்க. கையில இருக்குறதை முழுசா செலவழிக்காம எப்பவும் கொஞ்சம் மிச்சம் வச்சு நிறுத்தணும், நல்லா இருக்குற அன்னிக்குதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், ஏன்னா அன்னிக்குதான் நம்ம ஆளுங்க எல்லா வேலையையும் இழுத்து போட்டுப்பாங்க.

வண்டலூரை விட வேண்டாம். செவ்வாய்க்கிழமை லீவு, சனி ஞாயிறு கூட்டம், மத்த நாள்ல ஒர்க் ஃப்ரம் ஹோம் போட்டு காலையில போங்க. பேட்டரி வண்டி இருக்கு, வெக்கப்படாம ஏறுங்க, மரம் அடர்த்தியா இருக்குற இடத்துல இறங்கி உக்காருங்க. ஸ்டெப் எண்ணுற வாட்ச்சை கழட்டி பையில போட்டுடுங்க. முதல்ல 15 நிமிஷம். அடுத்த ரெண்டு நாள் சரிவு வரலையா, அடுத்த தடவையும் அதே 15 நிமிஷம்தான். மூணு நாலு தடவை தாங்கின பிறகு அஞ்சு நிமிஷம் கூட்டுங்க. ரொம்ப கொஞ்சமா இருக்கேன்னு தோணும், தோணட்டும்.

வார்த்தை வராம தடுமாறுறதுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. மிச்சிகன் பல்கலைக்கழகத்துல ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான்னு ரெண்டு பேர், தம்பதி, 1980கள்ல ஒரு கருத்து சொன்னாங்க. கோட் பார்க்குறது, மீட்டிங்ல ஒருத்தர் பேசுறதை விடாம பிடிச்சுக்கிறது, இதெல்லாம் நம்மளா இழுத்து நிறுத்துற கவனம், அது களைச்சு போகும். இலை நிழல் தரையில ஆடுறதை பார்க்கும்போது கவனம் தன்னால போய் உக்காருது, யாரும் இழுக்கல, அந்த நேரத்துல களைச்ச கவனம் ஓய்வு எடுக்குது. அதனாலதான் ஹெட்போன்ல பாட்காஸ்ட் கேட்டுட்டே மரத்துக்கு கீழ நடக்குறதுல பாதி பலன் போயிடுதுன்னு நான் நினைக்கிறேன். காதை காலியா விடுங்க.

கேள்வி: நான் 32 வருஷம் அறிவியல் ஆசிரியராக வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். மரங்கள் விடும் ஃபைட்டான்சைடு என்ற வாசனை ஆவி நோய் எதிர்ப்பு சக்தியை 50 சதவீதம் கூட்டுகிறது, வைரஸ் வந்தவர்கள் காட்டுக்கு போனால் போதும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. நம்பலாமா? இதெல்லாம் நம் முன்னோர்கள் அன்றே செய்ததுதானே? (நாகர்கோவில்)

பதில்: சார், இந்த கேள்விக்கு தனியா ஒரு வணக்கம். அந்த 50 எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்றேன். டோக்கியோ நிப்பான் மருத்துவ பல்கலைக்கழகத்துல சிங் லீன்னு ஒரு ஆராய்ச்சியாளர், 2005ல டோக்கியோ ஆபீஸ்காரங்க 12 பேரை, எல்லாரும் ஆம்பளைங்க, ஈயாமா பக்கத்து காட்டுக்கு மூணு நாள் கூட்டிட்டு போனார். முன்னும் பின்னும் ரத்தம் எடுத்து பார்த்ததுல என்.கே. செல்னு சொல்ற ஒரு வகை வெள்ளை அணுக்களோட செயல்பாடு சுமார் 50 சதவீதம் கூடியிருந்துச்சு. அடுத்து ஹோட்டல் ரூம்லயே ஹினோகி எண்ணெயை ஆவியாக்கி தூங்க வச்சும் பார்த்தார், அதுலயும் ஏற்றம் தெரிஞ்சுது. இவ்ளோதான் மூலக்கதை. 12 பேர், ஒரே வகை ஆளுங்க, நோயாளிங்க கிடையாது. ரத்தத்துல ஒரு வகை செல் சுறுசுறுப்பா இருக்குங்குறதுக்கும் அவருக்கு சளி பிடிக்காதுங்குறதுக்கும் நடுவுல நிறைய தூரம் இருக்குன்னு நீங்களே பசங்களுக்கு சொல்லி கொடுத்திருப்பீங்க. ஜப்பான்ல இருந்தது ஹினோகியும் சீடாரும், நம்ம ஊர்ல புங்கனும் வேம்பும், ரெண்டும் ஒரே ஆவியைத்தான் விடும்னு எடுத்துக்கவும் முடியாது. காட்டுக்கு போனா போதும்னு எழுதுறவனை நம்பாதீங்க.

மனசு பக்கம் வந்தா நான் இன்னும் கொஞ்சம் தைரியமா பேசுவேன். 2015ல வெளியான ஒரு ஆய்வுல, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல கிரெகரி பிராட்மேன் குழு 38 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு கூட்டத்தை புல்வெளி மரம் இருக்குற பாதையிலயும் இன்னொண்ணை வண்டி இரையுற ரோட்டோரமும் 90 நிமிஷம் நடக்க விட்டாங்க. பச்சைப்பக்கம் நடந்தவங்களுக்கு, நடந்து முடிஞ்சதையே திரும்ப திரும்ப மென்னுட்டு இருக்கோமே, அந்த பழக்கம் குறைஞ்சுது, அதோட தொடர்புள்ள மூளைப் பகுதியோட செயல்பாடும் குறைஞ்சுது. காய்ச்சலுக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வுல என்கிட்ட வர்றவங்க சொல்ற முக்கால்வாசி இந்த மெல்லுறதுதான். எனக்கு மட்டும் ஏன் இன்னும் சரியாகல, ஆபீஸ்ல என்ன நினைப்பாங்க, திரும்ப வந்துடுமோ. அப்புறம் 1984ல ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு, பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்கள்ல ஜன்னல் வழியா மரம் தெரிஞ்ச 23 பேரையும் செங்கல் சுவர் தெரிஞ்ச 23 பேரையும் ஒப்பிட்டார், மரம் பார்த்தவங்க கொஞ்சம் சீக்கிரம் டிஸ்சார்ஜ், பலமான வலி மருந்தும் குறைச்சல். இங்கிலாந்துல கிட்டத்தட்ட 20,000 பேர்கிட்ட கேட்டு 2019ல வெளியான ஆய்வுல வாரத்துக்கு 120 நிமிஷமாவது இயற்கையில இருக்கறவங்க தங்களோட ஆரோக்கியமும் மனநிறைவும் நல்லா இருக்குன்னு அதிகமா சொன்னாங்க. நல்லா இருக்கறவங்கதான் வெளிய போறாங்களோன்னு நீங்க கேட்பீங்க, கேட்கணும், அந்த ஆய்வால அதை பிரிச்சு சொல்ல முடியாது. இதுல இன்னொரு சிக்கல், மாத்திரைன்னா வெறும் சர்க்கரை உருண்டையை கொடுத்து ஒப்பிடலாம், பொய் காடுன்னு ஒண்ணை காட்டி ஏமாத்த முடியாதே.

முன்னோர் விஷயத்துல நான் உங்களோட முழுசா ஒத்துக்க மாட்டேன் சார். கோவில்காடுகளை காப்பாத்தினாங்க, உண்மை, இன்னிக்கும் அழகர்மலை அடிவாரத்துல காசம்பட்டி வீரகோவில் காடு நிக்குது, 2025ல பல்லுயிர் பாரம்பரிய தலமாவும் அறிவிச்சிருக்காங்க. ஆனா அவங்க அதை காப்பாத்தினது சாமிக்கு பயந்து, சுள்ளி பொறுக்கவே யோசிப்பாங்க, மனசு ரிலாக்ஸ் ஆகணும்னு போய் உக்காந்தவங்க இல்ல. எல்லாத்துக்கும் நாங்கதான் முதல்னு சொல்லாமலே அந்த காட்டுக்கு மரியாதை கொடுக்கலாம்.

கேள்வி: மகன் காலேஜ் ரெண்டாம் வருஷம். காய்ச்சல் வந்து போனதுல இருந்து ரூமை விட்டு வர்றதில்ல, தூங்குறதில்ல. போன வாரம் "நான் இருந்து என்னம்மா பண்ண போறேன்"னான். ஏற்காடு மாதிரி எங்கயாவது அமைதியான இடத்துல தனியா கொஞ்ச நாள் விட்டா மாறுவானா? (ஒரு தாய், சேலம்)

பதில்: அம்மா, தனியா எங்கயும் விடாதீங்க, மலைக்கும் வேண்டாம். இன்னிக்கு ராத்திரியே அவன் பக்கத்துல உக்காந்து, சாகணும்னு தோணுதாப்பான்னு நேரா கேளுங்க. கேட்டா புதுசா யோசனை கொடுத்த மாதிரி ஆகிடும்னு பயப்படுறாங்க, அப்படி ஆகாது, கேட்ட உடனே பாதி பசங்க உடைஞ்சு பேசிடுவாங்க. 14416, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்ல பேசலாம், நீங்களே கூப்பிட்டு என்ன செய்யணும்னு கேக்கலாம். நாளைக்கே அரசு மருத்துவக் கல்லூரி மனநல ஓபிக்கு கூட்டிட்டு போங்க. வீட்டுல இருக்குற பூச்சி மருந்து, தூக்க மாத்திரை, அப்பாவோட பிரஷர் மாத்திரை எல்லாத்தையும் பூட்டி வைங்க. மருந்து ஆரம்பிச்சு அவன் கொஞ்சம் தெளிஞ்ச பிறகு, சாயங்காலம் கூடவே மரத்தடி வரைக்கும் நடந்துட்டு வர்றது, அது தாராளமா. இந்த கேள்விக்கு மட்டும் காடு பதில் இல்ல.

கேள்வி: அம்மாவுக்கு 63 வயசு, சிக்குன்குனியா வந்து நாலு மாசமா முட்டி, கணுக்கால், விரல் எல்லாம் வலி. வலியை விட "நான் இனிமே யாருக்கும் உபயோகம் இல்ல"ன்னு புலம்பல்தான் அதிகம். வால்பாறை, டாப்சிலிப் கூட்டிட்டு போலாம்னு இருக்கோம். அட்டை கடிக்கும்னு பயமுறுத்துறாங்க. (கோயம்புத்தூர்)

பதில்: அட்டை சின்ன பிரச்சினை. வால்பாறை ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவு, வண்டியில அத்தனை நேரம் மடக்கி வச்ச முட்டி இறங்கும்போது நேராகாது, அதுதான் பெரிய பிரச்சினை. சிக்குன்குனியா வலி சில பேருக்கு மாசக்கணக்குல, சிலருக்கு வருஷம் தாண்டியும் இருக்கும், காலையில எந்திரிக்கும்போதுதான் விறைப்பு ஜாஸ்தி. அதனால அம்மாவுக்கு காலை ஏழு மணி வேண்டாம், சாயங்காலம் நாலு மணி. சமதரை, பிளாஸ்டிக் சேர் ஒண்ணு கையோட, கீழ உக்கார சொல்லாதீங்க, எந்திரிக்க முடியாம நாலு பேர் தூக்கினா அந்த அவமானம் இன்னும் மனசை உடைக்கும். வேளாண் பல்கலைக்கழகத்து தாவரவியல் பூங்கா உங்க ஊர்லயே இருக்கு.

அவங்களை நோயாளியா உக்கார வைக்காதீங்க. இது என்ன மரம், இந்த இலையை எதுக்கு போடுவாங்கன்னு பேத்தியை விட்டு கேட்க சொல்லுங்க. ஆடாதொடை, நொச்சி, கீழாநெல்லி எது எதுன்னு அவங்களுக்கு தெரியும், நமக்கு தெரியாது. உபயோகம் இல்லன்னு புலம்புறவங்க பத்து நிமிஷம் டீச்சரா இருக்கட்டும்.

உடம்பு தேறி வால்பாறை போகும்போது அட்டைக்கு முழங்கால் வரைக்கும் வர்ற துணி சாக்ஸ், கடிச்சா கொஞ்சம் உப்பு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்கன்னா கடிச்ச இடத்துல ரத்தம் சீக்கிரம் நிக்காது, முன்னாடியே டாக்டரை கேட்டுக்கோங்க. நான் அட்டையை விட பயப்படுறது கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சிக்கு. புதர்லயும் உயர்ந்த புல்லுலயும் இருக்குற அந்த உண்ணிக்குஞ்சு கடிச்சா ஸ்க்ரப் டைஃபஸ்னு ஒரு காய்ச்சல் வரும், தமிழ்நாட்டுல நிறையவே இருக்கு. போயிட்டு வந்து ஒண்ணு ரெண்டு வாரத்துல காய்ச்சல் அடிச்சா புதர் பக்கம் போனோம்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, அக்குள், இடுப்பு மடிப்புல சிகரெட் சுட்ட மாதிரி கறுப்பா ஒரு புண் இருக்கான்னும் பாருங்க. டெங்குன்னு நினைச்சு விட்டா ஆபத்து, சரியா கண்டுபிடிச்சா சாதாரண ஆன்டிபயாட்டிக்ல அடங்குற நோய்தான்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை. கோவிட்டுக்குப் பிறகு படபடப்பும் சோர்வும் விடவில்லை. மெக்ரிச்சி காட்டில் அந்த தொங்கு பாலம் வரை போகச் சொல்கிறார் நண்பர்.

பதில்: அந்த பாலம் 250 மீட்டர்தான், ஆனா பாலத்துக்கு போய் திரும்பவே பல கிலோமீட்டர், படிக்கட்டும் உண்டு, இப்போதைக்கு நண்பர் மட்டும் போகட்டும். பொட்டானிக் கார்டன்ஸுக்கு உள்ளயே சுமார் 6 ஹெக்டேர்ல பழைய மழைக்காடு அப்படியே இருக்கு, பாதை போட்டிருக்காங்க, எப்ப வேணா வெளிய வந்துடலாம். இல்லன்னா ஹோர்ட்பார்க்ல 2016ல திறந்த தெரபி தோட்டம், அதே மாதிரி பல பூங்காக்கள்லயும் பின்னாடி போட்டாங்க. இடி இடிக்குற மதியம் மரத்தடி வேண்டாம். மேலேயே சென்னை தம்பிக்கு எழுதின பதிலையும் படிங்க, உங்களுக்கும் அதேதான்.

கேள்வி: அக்கா, நீங்க மரத்தடியில போய் உக்காருங்கன்னு ஈசியா சொல்லிடுவீங்க. எனக்கு 27 வயசு, ஒரு பொண்ணு தனியா ஒரு மரத்துக்கு கீழ சும்மா அரை மணி நேரம் உக்காந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். காய்ச்சலுக்கு அப்புறம் பயம் வேற ஜாஸ்தியா இருக்கு. எங்க போறது? (திருச்சி)

பதில்: தெரியும்மா. ஆராய்ச்சி பண்ணினவங்க 12 ஆம்பளைங்களை கூட்டிட்டு போனாங்க, யாராவது வந்து இங்க என்ன பண்றன்னு அவங்களை கேட்டிருக்க மாட்டாங்க. பயந்துட்டே உக்காந்தா பலன் சுத்தமா கிடையாது, உடம்பு உஷாராவே இருக்கும், அப்ப எந்த காடும் ஒண்ணும் பண்ணாது. அதனால காடு சின்னதா இருந்தாலும் பரவாயில்ல, வாசல்ல டிக்கெட் கொடுக்குற இடமா பாருங்க, ஆள் காவல் இருக்கும், குடும்பங்கள் வரும். உங்களுக்கு ஸ்ரீரங்கம் மேலூர்ல வண்ணத்துப்பூச்சி பூங்கா இருக்கு. வார நாள்ல போங்க. கையில ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கோங்க, ஏதாவது எழுதிட்டு இருக்குற பொண்ணை ஏன் உக்காந்திருக்கன்னு யாரும் வந்து கேட்கிறதில்ல, இது நான் பல பொண்ணுங்களுக்கு சொல்லி கொடுத்து வேலை செஞ்ச உபாயம். பெரிய கோவில் நந்தவனம், படிச்ச காலேஜ் கேம்பஸ், அதுவும் சரி. கூட ஒரு ஃப்ரெண்டு வந்தா இருபது நிமிஷம் பேசாம பத்தடி தள்ளி உக்காரணும்னு முதல்லயே ஒப்பந்தம் போட்டுக்கோங்க.

வெளிய போக முடியாத நாள்ல வீட்டு கறிவேப்பிலை செடியே போதும். இலை ஓரம் கடிபட்டிருந்தா அதுக்கு மேல பக்கம் பாருங்க, பறவை எச்சம் காய்ஞ்ச மாதிரி கறுப்பும் வெள்ளையுமா ஒண்ணு ஒட்டிட்டு இருக்கும், அது எச்சம் இல்ல, பட்டாம்பூச்சியோட புழு, குருவி தின்னாம இருக்க அந்த வேஷம். கொஞ்சம் வளர்ந்ததும் பச்சையாகிடும், தொட்டா தலைக்கு பின்னாடி இருந்து கொம்பு மாதிரி ஒண்ணை நீட்டும், ஒரு நாத்தம் வரும். அம்மா பூச்சி மருந்து அடிக்க வந்தா ரெண்டு கொத்தை மட்டும் அதுக்கு விட்டுட்டு மிச்சத்தை ரசத்துக்கு பறிச்சுக்க சொல்லுங்க.